சிவசம்புவின் மூன்று தீர்ப்புகள்

சரி என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் சிவசம்பு தலைப்பைக் கேட்டார். முப்பத்தாறு வருட அரசாங்க வேலையில் ஒருநாளும் அவர் செய்யாத தவறு அது.

"துங்கு கண்ட கனவில், ஆட்சியில் மதத்துக்கு இடம் உண்டா இல்லையா? இதுதான் சார் தலைப்பு. மெர்டேக்கா மாசம்லா, சுதந்திரம் வாங்கிக் குடுத்த முதல் பிரதமர, தேசத் தந்தைய விட்டா வேற யாரப் பத்திப் பேசுறது?" என்றார் தொலைபேசியில் தம்புசாமி. பிரிக்பீல்ட்ஸ் சொல்லரங்க மன்றத்தின் செயலாளர். வருடா வருடம் பட்டிமன்றம் நடத்துகிறவர். இந்த வருட நடுவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் புதன்கிழமை காலையில் ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார்.

"மதமா? ஆட்சியா? தம்புசாமி, இதெல்லாம் ரொம்ப சென்சிடிவ் லா."

"யாரையும் ஏசப் போறதில்ல சார். அரசியலமைப்புல என்ன இருக்கு, துங்கு என்ன சொன்னாரு, அவ்வளவுதான். எல்லாரும் படிச்சவங்க. சனிக்கிழமை நாலு மணி. உங்க படம் போட்டு போஸ்டர் ரெடி."

"அதுக்குள்ள போஸ்டரா? சரி, பேசுறது யாரு?"

"இடம் இல்லைங்கற அணிக்குத் தலைவி, உங்க வீட்டு டீச்சரம்மா."

சிவசம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நாட்களாக மனைவி கனகேஸ்வரி சமையலறையில் தனியாகப் பேசிக்கொண்டிருந்த காரணம் இப்போதுதான் விளங்கியது.

"உண்டுங்கற அணிக்கு, கிள்ளான் கோபாலன் சார்."

சிவசம்பு எழுந்து நின்றுவிட்டார். கிள்ளான் கோபாலன் என்றால் லோரிக்காரக் கோபாலன். கோயில் தலைவர் கோபாலன். எல்லாவற்றுக்கும் மேலாக, அஸ்வினின் அப்பா. அந்த அஸ்வினுக்கும் சிவசம்புவின் ஒரே மகள் ராஜினிக்கும் நவம்பரில் கல்யாணம்.

ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் சம்பந்தி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கூட இவ்வளவு கெடுத்திருக்க மாட்டான்.

சிவசம்புவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் எதையும் முடிவு செய்ய மாட்டார். பிப்ரவரி மாதம் ராஜினி திருமணப் பதிவுப் படிவத்தைக் கொண்டுவந்து, "அப்பா, ஒரு தடவ செக் பண்ணிக் குடுங்க. சேர்ந்து வீடு வாங்கறதுக்கு சீக்கிரமா சர்ட்டிபிகேட் வேணும்" என்று கொடுத்தாள். இப்போது ஆகஸ்ட். படிவம் இன்னும் அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது. ஒருநாள் கறுப்பு மையா நீல மையா என்று சந்தேகம் வந்தது. மறுநாள் அஷ்டமி. அதற்கு அடுத்த நாள், அரசாங்கம் புதிய படிவம் கொண்டுவந்தாலும் வரலாம் என்று தோன்றியது. ராஜினி முதலில் தினமும் கேட்டாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். பொறுமையான பிள்ளை என்று சிவசம்புவுக்கு உள்ளூரப் பெருமை.

அப்படிப்பட்டவரைப் பிடித்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால்?

வியாழக்கிழமை கோபாலன் கூப்பிட்டார். "சம்மந்தி, சும்மா ஒரு டீ குடிக்க மேருவுக்கு வாங்களேன்."

மேரு தொழிற்பேட்டையில் கோபாலனின் லோரி நிறுத்துமிடம். பதினாறு லோரிகள். ஒவ்வொன்றின் கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு முருகன். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீயும் பருப்பு வடையும் கொடுத்துவிட்டு, கோபாலன் ஓர் உறையிலிருந்து கல்யாண அழைப்பிதழின் மாதிரியை எடுத்தார்.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப அழகா இருக்கு சம்மந்தி."

"திங்கட்கிழமை அச்சுக்குக் குடுக்கணும். குடுக்கறதா வேணாமான்னு சனிக்கிழமை சாயங்காலம் யோசிக்கலாம்னு இருக்கேன்."

சிவசம்புவின் வாயில் வடை அப்படியே நின்றது. "ஏன் சம்மந்தி?"

"ஒண்ணும் இல்ல. எங்க குடும்பத்துல ஒரு பழக்கம். தோத்துட்டு வந்த இடத்துல பொண்ணு எடுக்க மாட்டோம். எங்கப்பா கபடில தோத்த ஒரே காரணத்துக்கு, தஞ்சோங் காராங்ல பார்த்து வச்ச சம்பந்தத்தையே விட்டுட்டு வந்தாரு. நீங்க உங்க மனசாட்சிப்படி தீர்ப்பு சொல்லுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

"தீர்ப்பு உங்களுக்குத்தான் சம்மந்தி!" என்று வடையோடு சேர்த்துச் சொல்லிவிட்டார் சிவசம்பு.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கனகேஸ்வரி கேட்டாள். "மேரு பருப்பு வடை எப்படி?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூஞ்சில எண்ணெய் வழியுதே. என்ன வாக்குக் குடுத்துட்டு வந்தீங்க?"

சிவசம்புவுக்குப் பொய் சொல்ல வராது. சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் முகம் சொல்லிவிடும். கோபம் வந்தால் கனகேஸ்வரியின் பேச்சில், அவள் கண்ணாலும் பார்த்திராத யாழ்ப்பாணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது வந்தது.

"எனக்கெதிரா மட்டும் தீர்ப்புச் சொன்னியளெண்டால், கலியாணத்தண்டைக்கு நீங்கள் தனியத்தான் நிக்க வேணும். தாரை வார்க்கச் செம்பிலை தண்ணி ஊத்த நான் வரமாட்டன். ஊரே கேக்கட்டும்."

"ஐயோ, தாய் ஊத்தாம எப்படி கன்னிகாதானம்?"

"அதை உங்கட சம்மந்தியிட்டைக் கேளுங்கோ."

"இல்ல கனகம், தீர்ப்பு உனக்குத்தான். சத்தியமா."

ஆக, ஒரே நாளில் இரண்டு தீர்ப்பு சொல்லியாயிற்று. பட்டிமன்றம் இன்னும் தொடங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தம்புசாமியைக் கூப்பிட்டு, குரலைக் கொஞ்சம் நடுங்க வைத்து, "காய்ச்சல் தம்புசாமி. வேற ஆளப் பாருங்க" என்றார்.

வேறு ஆள் எங்கே கிடைப்பார்? தம்புசாமி மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'காய்ச்சலிலும் கடமை தவறாத நடுவர் சிவசம்பு! திரளாக வாரீர்!' என்று போட்டுவிட்டார். முன்னூறு பேர் வருகிறோம் என்று பதில் போட்டார்கள். போன வருடம் எண்பது பேர். அரை மணி நேரத்தில் கோபாலன் தன் அக்கா மகனான டாக்டரை அனுப்பினார். டாக்டர் தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, "நார்மல்தான் அங்கிள். மாமா சொன்னாரு, இது என்ன காய்ச்சல்னு அவருக்குத் தெரியுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கனகேஸ்வரி ஒரு குவளை நிறைய கொத்தமல்லிக் கசாயம் கொண்டுவந்து வைத்து, கடைசிச் சொட்டு வரை எதிரில் நின்று பார்த்தாள்.

பகலில் தம்புசாமியிடம் கெஞ்சிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சமம்னு சொல்லிட்டா?"

"அதெப்படி சார்? கேடயம் ஒண்ணுதான். முந்தின வருஷம் ஒருத்தர் சமம்னு சொன்னாரு. ஒரு ஆளும் பசியாற உட்காரல. எல்லா மீஹூனும் மிச்சம். அவர நாங்க அதுக்கப்புறம் கூப்பிடறதே இல்ல."

கடைசியில் மகளிடம் போனார். ராஜினி மடிக்கணினியில் திரைச்சீலை நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட கொஞ்சம் பேசும்மா. உன் வாழ்க்கைடி இது."

"அப்பா, உங்களுக்கு மனசுல என்ன படுதோ அதச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதா? அழைப்பிதழ் அச்சுக்குப் போகாதுன்றாரு, அம்மா தண்ணி ஊத்த மாட்டேன்றா, நீ திரைச்சீலை பார்க்கிற!"

"இந்தக் கலர் உங்களுக்குப் பிடிச்சிருக்காப்பா?"

பிள்ளையின் மனஉறுதியைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. உள்ளே எவ்வளவு அழுகிறாளோ, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க மேசையில் உட்கார்ந்து இரண்டு தீர்ப்புகளை எழுதினார். மனைவிக்கானது சட்டையின் இடது பையில். சம்பந்திக்கானது வலது பையில்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடை ஓரத்தில் நேரக்கணக்கு மணியோடு ஜெயமாலா உட்கார்ந்திருந்தாள். புத்ராஜெயாவில் அரசாங்கக் கவுன்டரில் வேலை. நிமிஷம் தவறாமல் மணி அடிப்பாள் என்பதால் தம்புசாமி அவளைப் பிடித்திருந்தார். சிவசம்புவைப் பார்த்ததும் எழுந்து சிரித்தாள்.

"அங்கிள், ராஜினி வரலையா? அன்னிக்கு சேலையில அவ்வளவு அழகா இருந்தா."

எந்த அன்றைக்கு என்று கேட்க அவருக்கு நேரமில்லை. கோபாலன் மேடையில் ஏறிக்கொண்டிருந்தார்.

கோபாலனுக்கு மைக் பிடித்தால் விடத் தெரியாது. "சபையோரே! துங்கு பதவிய விட்டு எறங்கினதும் எங்க போனாரு? இஸ்லாமிய நாடுகள் அமைப்புக்கு முதல் பொதுச் செயலாளரா போனாரு. இந்த நாட்டுல முஸ்லிம்கள் நலனுக்கு ஒரு சங்கமே தொடங்கி வச்சாரு. சாமி பயம் இல்லாத மனுஷனா அவரு? என் லோரி ஒவ்வொண்ணுலயும் டேஷ்போர்டுல சாமி இருக்கு. பிரேக்தான் இருக்குதேன்னு சாமியக் கழட்டிடுவோமா? எந்த மதமோ போகட்டும், ஆள்றவனுக்கு மேல ஒருத்தன் இருக்கான்ற பயம் வேணும்லா!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. கோபாலன் நடுவரைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்த அழைப்பிதழை ஓர் அங்குலம் மேலே இழுத்துக் காட்டினார்.

கனகேஸ்வரி எழுந்தாள். பையிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்து மேசையில் வைத்தாள். கல்யாணத்துக்காக வாங்கி வைத்த அதே செம்பு. அதிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, கணவரைப் பார்த்தாள்.

"டேஷ்போர்டுல சாமி இருக்கட்டும். நானும்தான் வச்சிருக்கேன். ஆனா ஸ்டியரிங்க யார் பிடிக்கிறது? கோபாலன் சார் சாமிகிட்ட ஸ்டியரிங்கக் குடுத்துட்டுப் பின்சீட்டுல தூங்குவாரா?"

மண்டபம் சிரித்தது. கோபாலனே சிரித்துவிட்டுச் சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"துங்கு தன்னோட எண்பதாவது பிறந்தநாள்ல என்ன சொன்னாரு? இது பல இனம், பல மதம் இருக்கிற நாடு. மதச்சார்பற்ற நாடாவே இருக்கட்டும், இஸ்லாம் அதிகாரபூர்வ மதமா இருக்கட்டும்னாரு. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னவரு அவரு. தொழுகை வேற, கோப்பு வேறன்னு அவருக்குத் தெரியும்."

"அரசியலமைப்பு மூணாவது பிரிவு டீச்சர்! கூட்டரசோட மதம் எதுன்னு அதுலயே இருக்கு!" என்று குரல் கொடுத்தார் கோபாலன்.

"அதே பிரிவுலதான், மத்த மதங்களையும் அமைதியா கடைப்பிடிக்கலாம்னும் இருக்கு. மீதிப் பாதிய ஏன் சார் முழுங்கிட்டீங்க?"

டிங் என்று ஜெயமாலா மணி அடித்தாள். சிவசம்புவுக்கு அது தன் காதுக்குள்ளேயே அடித்தது போலிருந்தது.

ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு பக்கம் அழைப்பிதழ் எட்டிப் பார்க்கும், மறு பக்கம் செம்பு நகரும். கடைசியில் தம்புசாமி, "இப்போது நமது நடுவர்!" என்று முழங்க, சிவசம்பு மைக்கின் முன்னால் வந்து நின்றார். இடது பைக்குக் கை போனது. வலது பைக்குப் போனது. இரண்டு தாளும் வியர்வையில் நனைந்து, ஓர் எழுத்தும் தெரியவில்லை.

சரி, வருவது வரட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரையும் கேட்காமல் வாயைத் திறந்தார்.

"நான் முப்பத்தாறு வருஷம் கவுன்டர்ல உட்கார்ந்தவன். லைசென்ஸ், பர்மிட்டுன்னு ஆயிரக்கணக்கான ஃபாரம் வரும். ஒவ்வொண்ணுலயும் மதம்னு ஒரு கட்டம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்லேர்ந்து நான் ஒரு பழக்கம் வச்சிருந்தேன். அந்தக் கட்டத்து மேல கட்டை விரல வச்சு மறைச்சுக்கிட்டுத்தான் மீதியப் படிப்பேன். முத்திரை குத்தின பிறகுதான் விரல எடுப்பேன். ஏன் தெரியுமா? பார்த்துட்டா எனக்கே ஒரு சாய்வு வந்துடுமோன்னு பயம். காலையில பூஜை பண்ணிட்டுத்தான் வேலைக்குப் போவேன். சாமி மேல எனக்கு சந்தேகம் இல்ல, என் மேலதான் சந்தேகம். துங்கு கண்ட கனவு அந்தக் கட்டை விரல்தான்னு நான் நினைக்கிறேன். மதம் மனுஷனுக்குள்ள இருக்கட்டும், கவுன்டர்ல விரலுக்கடியில இருக்கட்டும். டீச்சரம்மா அணிக்கே கேடயம்!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சிவசம்புவுக்கே நம்பிக்கை வரவில்லை. இது நம்ம குரலா?

கோபாலன் மெதுவாக எழுந்தார். அழைப்பிதழை நான்காக மடித்துப் பைக்குள் போட்டார். கார் சாவியைக் கையில் எடுத்தார்.

அவ்வளவுதான். முப்பத்தாறு வருடத்துக் கட்டை விரல் கட்டத்தை விட்டு நழுவிவிட்டது.

"சம்மந்தி! நில்லுங்க! தீர்ப்பு இன்னும் முடியல!" மைக் அலறியது. "நான் சொன்னது ஒரு பாதிதான். ஆனா விரல வைக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? சாமி பயம்! அந்தப் பயம் இல்லன்னா விரல் எங்க? ஆகையினால, ஆட்சியில மதத்துக்கு இடம் உண்டு. கோபாலன் சார் அணிக்கே கேடயம்!"

அரங்கத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் சீட்டி அடித்தார்கள். கோபாலன் சாவியைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கனகேஸ்வரி எழுந்தாள். செம்பிலிருந்த தண்ணீரை மேடையிலிருந்த பூந்தொட்டியில் நிதானமாக, கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். வெறும் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். வாசலைப் பார்த்து நடந்தாள்.

"கனகம்! போகாத கனகம்!"

"தீர்ப்ப மாத்தக் கூடாது சார், கேடயத்துல பேர் எழுதுற ஆள் பேனாவோட நிக்கிறாரு!" என்று தம்புசாமி காதில் கிசுகிசுத்தார்.

சிவசம்புவுக்கு மேடை சுற்றியது. முன் வரிசை, பின் வரிசை, முன்னூறு முகம், எல்லாம் ஒன்றாகக் கலங்கின. மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்குத் துங்குவும் தெரியாது, மதமும் தெரியாது சாமி! இவங்க பக்கம் சொன்னா அவரு அழைப்பிதழ அடிக்க மாட்டேன்றாரு. அவரு பக்கம் சொன்னா இவ தண்ணி ஊத்த மாட்டேன்றா. மூணு நாளா நான் தூங்கல. எனக்கு இருக்கறது ஒரே ஒரு பொண்ணு. கேடயத்த வேணும்னா ரெண்டா அறுத்துக் குடுங்க, நான் காலில விழறேன். என் மக கல்யாணம் நிக்கக் கூடாது, அவ்வளவுதான் என் தீர்ப்பு!"

முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கோபாலன் தலையைக் குனிந்து அழைப்பிதழின் மடிப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாசலருகில் நின்றுவிட்ட கனகேஸ்வரி கோபாலனைப் பார்த்தாள். கோபாலன் கனகேஸ்வரியைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து கூரையைப் பார்த்தார்கள்.

மேடை ஓரத்தில் ஜெயமாலா மட்டும் மணியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தாள்.

"என்ன அங்கிள் சொல்றீங்க, ராஜினிக்கும் அஸ்வினுக்கும்தான் மார்ச் மாசமே எங்க ஆபீஸ்ல கல்யாணம் பதிவாயிடுச்சே, சாட்சிக் கையெழுத்துப் போட்டதே ஆன்டியும் கோபாலன் அங்கிளும்தானே!"